எட்டாவது

ஒரு சாய்வில் பத்தடிக்குப் பத்தடி
சுண்ணக்கட்டியால் சதுரம் போடுவேன்.
அதற்குள் எட்டு அடி விழுந்திருந்தால்
கூரை செத்தது என்று எழுதலாம்.
ஏழென்றால் உயிரோடிருக்கிறது.
இது நான் வகுத்த விதியல்ல.
நான் எண்ணுகிறவன்.

ஜூன் பதினொன்று, மாலை நாலரைக்கு
ஹேஸ்டிங்ஸில் ஆலங்கட்டி.
சோளம் அப்போதுதான் முழங்காலைத் தொட்டிருந்தது.
கோழிமுட்டை என்றார்கள், எலுமிச்சை என்றார்கள்.
ஆர்லிஸ் நொவோட்னி எதுவும் சொல்லவில்லை.
ஃப்ரீசரைத் திறந்தாள்.
பட்டாணிப் பொட்டலத்துக்கும் மீனுக்கும் நடுவிலிருந்து
ஒன்றை எடுத்துக் காட்டினாள்.
"அளந்துகொள்."
கூரையைத்தான் அளக்க வேண்டும், அம்மா,
கல்லை அல்ல என்றேன்.
குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல்
அதைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதாம்.
அவள் கூரைமேல் கல்லும் பட்டது, என் கண்ணும் பட்டது.
அந்த வாரத்தில் எனக்கு அது நாற்பத்தாறாவது வீடு.
ஏழு.
எட்டாவதாக இருந்திருக்கக்கூடியது
கோட்டுக்கு வெளியே, நாலு விரற்கடை தள்ளி.
எட்டு எட்டவில்லை.
சமையலறையில் பாத்திரம் சொட்டை வாங்கிக்கொண்டிருந்தது.
அதை எழுத என் படிவத்தில் கட்டமில்லை.

மூன்று வாரம் கழித்து மறுஆய்வு கேட்டாள்.
கூரை வேலைக்காரன் எஃப்ராயின்
தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.
சதுரத்துக்குள் புதிதாய் ஒன்று.
கல் விழுந்தால் ஓரம் கிழிந்திருக்கும்.
இது பாட்டில் மூடி மாதிரி வட்டம்,
மணல் நொறுங்கி மாவாய்க் கிடந்தது.
உருண்டைத் தலைச் சுத்தியல்.
வானத்தையும் சுத்தியலையும் பிரித்துச் சொல்வதற்குத்தான்
பதினெட்டு வருஷமாய் எனக்குச் சம்பளம்.

ஒன்றே ஒன்று.
ஏமாற்றத் தெரிந்தவர்கள் பன்னிரண்டு அடிப்பார்கள்.
இவள் குறைந்ததை மட்டும் அடித்திருந்தாள்.
கீழே பார்த்தேன்.
பள்ளிப் பேருந்து ஓட்டும் கைகளைப்
பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.
ஏணியை யாரும் பிடிக்கவில்லை.

எட்டு என்று எழுதினேன்.
கிராண்ட் ஐலண்ட் வரை ரேடியோ போடாமல் ஓட்டினேன்.

மற்றதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது.
புதுக்கூரை, இருபத்தோராயிரத்து நானூறு டாலர்.
இருபத்தைந்து வருஷம் உழைக்க வேண்டியதற்குப் பதினேழு வயது:
தேய்மானம் பதினாலாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்திரண்டு.
பத்து வயது தாண்டினால் தேய்ந்த விலைதான்,
பாலிசியின் முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது,
கீழே அவள் கையெழுத்தும் இருக்கிறது.
ஆலங்கட்டி என்றால் வீட்டு மதிப்பில் இரண்டு சதவீதம்
அவளே போட வேண்டும்:
நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.
மிச்சம்
1,888.
மூன்று எட்டு.
நான் பொய்யாய் எழுதியது ஒன்றுதான்.

காசோலையில் முதலில் வங்கியின் பெயர்,
பிறகு அவள் பெயர்.
ஒஹாயோவுக்கு அனுப்பி அவர்கள் கையெழுத்தை
வாங்கிக்கொண்டு வர வேண்டும்.
ஆறு வாரமாகும் என்று நானே போனில் சொன்னேன்.
"சரி" என்றாள்.
வேறு ஏதோ சொல்லப்போவதுபோல் மூச்சிழுத்தாள்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
போனை வைக்காமல் இருந்தோம்.

அக்டோபரில் அந்தத் தெரு வழியாகப் போனேன்.
கூரைமேல் நீலத் தார்ப்பாய்.
விளிம்பில் மரச்சட்டம் வைத்து ஆணி.
வரிசை நூல் பிடித்த மாதிரி இருந்தது,
சுத்தியல் பிடிக்கத் தெரிந்த கை.
மஞ்சள் பேருந்து வாசலில் நின்றது.
நான் நிறுத்தவில்லை.

அந்தக் கல் இன்னும் உள்ளே இருக்கும்,
பட்டாணி தீர்ந்திருக்கும், மீன் தீர்ந்திருக்கும்.
மூடிய குளிரிலும் பனிக்கட்டி கொஞ்சம் கொஞ்சமாய்ச் சிறுக்கும்.
அதன் தேய்மானத்துக்கு
என்னிடம் அட்டவணை இல்லை.